மச்சான் எழுதிய புத்தகத்தில் அக்கா

போன ஐப்பசியில் மழை விட்டதும் வாய்க்கால் மதகுப் பலகையைத் தூக்கப் போய் வழுக்கி விழுந்தேன். கால் முறிந்தது. தஞ்சாவூரில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். சம்பா முழுக்கப் படுக்கை. வயலை என் மனைவி பார்த்துக்கொண்டாள். நான் புத்தகம் படித்தேன்.

எனக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பேன். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

புத்தகம் கொண்டுவந்தது மச்சான். என் அக்காவின் கணவர். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ரிட்டையர் ஆனவர். கால் முறிந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருவார்கள். இவர் கட்டைப்பை நிறைய நாவலும் சுயசரிதையும் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"மாப்ள, சும்மா கெடக்குற நேரம். படிச்சுட்டு உன் கருத்தைச் சொல்லு."

"எனக்கு என்ன மச்சான் கருத்து இருக்கு?"

"அதான் வேணும். கருத்தே இல்லாதவன் கருத்து."

ஏன் வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

முதலில் எடுத்தது ஒரு நாவல். பட்டணத்துக்குப் போனவன் பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறான். ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து பழசை நினைக்கிறான். முந்நூறு பக்கம் நினைக்கிறான். ஊரே வந்து அவனைப் பார்த்துக் கண் கலங்குகிறது. எங்கள் ஊருக்கும் அப்படி ஆட்கள் வருவார்கள். காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள். மோட்டார் கொட்டகை ஓரம் நிறுத்தச் சொல்லுவோம். கண் கலங்கியதாக நினைவில்லை.

மச்சான் போனில் கேட்டார். "எப்படி?"

"ஆள் நல்லவன். கொஞ்சம் எழுந்து நடந்தா தேவல."

அவர் சிரித்தார். எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது காதல் நாவல். பையனுக்கும் வேலை இல்லை, பெண்ணுக்கும் வேலை இல்லை. அதனால் காதல் நீண்டுகொண்டே போகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பத்துப் பக்கம், பார்த்துவிட்டுப் பேசாமல் பத்துப் பக்கம். என் மனைவி வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கதை எங்க நிக்குது?"

"அதே பஸ் ஸ்டாண்டுலதான். நடவு நேரமா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"நமக்கு அப்படித்தான் முடிஞ்சுதா?"

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாவது எனக்குப் பிடிபடவில்லை. முதல் அத்தியாயத்தில் செத்தவர் நாலாவதில் பெண் பார்க்கப் போகிறார். பைண்டிங்கில் தாள் மாறிவிட்டது என்று மச்சானுக்குப் போன் செய்தேன். "அது உத்தி மாப்ள" என்றார். சரி என்றேன். கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

சுயசரிதைகளில் ஒன்று பெரிய அதிகாரியாக இருந்தவர் எழுதியது. எல்லாப் பக்கத்திலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கிறது. மேலே இருந்தவர் கேட்கவில்லை, கீழே இருந்தவனுக்குப் புரியவில்லை. கடைசியில் எல்லாரும் வந்து நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் இத்தனை காலம் சரியாகவே இருந்தால் கூட இருப்பவர்களுக்கு எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். படித்த எனக்கே களைப்பு.

இன்னொன்று அதிராம்பட்டினத்துப் பக்கத்துக்காரர். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். மெல்லிசான புத்தகம். ஒரு நாள் மீன் கெட்டுவிட்டது. மிளகாயை அள்ளிப் போட்டு அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டார். இரண்டு நாள் கப்பலே படுத்துவிட்டது. இதை அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை. கேட்க ஆளில்லை. எழுதியிருக்கிறார். அதனால் மற்றதையும் நம்பினேன். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

மச்சானிடம் சொன்னேன். அவருக்கு அது பெரிய புத்தகமாகப் படவில்லை. "நடை சாதாரணம்" என்றார்.

தை மாதம் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தபோது மச்சான் காரில் வந்தார். தனியாக. அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள், குங்குமம். நடுவில் பத்திரிகை. அவர்களுக்கு ஒரே மகன். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறான். இனி என்ன விசேஷம் என்று என் மனைவி என்னைப் பார்த்தாள்.

மச்சான் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். மாசியில் தஞ்சாவூரில் வெளியீட்டு விழா. சென்னையிலிருந்து விமர்சகர் வருகிறார். பழைய மாணவர்கள் பேசுகிறார்கள். பத்திரிகையில் என் பெயரும் இருந்தது. 'எளிய வாசகர் பார்வையில்' என்று போட்டு, அடைப்புக்குறியில் 'விவசாயி' என்று போட்டிருந்தது. கட்டைப்பை ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது. நாற்றங்காலில் விட்டிருக்கிறார். இப்போது பறித்து நடுகிறார்.

"மச்சான், எனக்குப் பேச வராது."

"அதான் அழகு. மேடையில எல்லாரும் பேசுறவங்களா இருந்தா என்ன மதிப்பு?"

அவர் போனதும் என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுல வச்சு அழைச்சுட்டாங்க. வெறுங்கையோட போறதா?"

"புத்தகம் வெளியிடுறாங்கடி."

"என்னத்தையோ வெளியிடட்டும். உங்க அக்கா வீட்டு விசேஷம். பொறந்த வீட்டுச் சீர் இல்லாமப் போனா தலைகுனிவு அவங்களுக்குத்தான்."

போனில் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தட்டு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"புத்தகம் குடுத்தாரா?"

"குடுத்தாருக்கா."

"எனக்குக் காட்டவே இல்ல. அச்சாகட்டும்னாரு. அச்சானதும் கண்ணு இப்படி ஆயிருச்சு. இன்னும் ஒரு கண்ணு பாக்கி. அதுவரைக்கும் படிக்கக் கூடாதாம்." குரலைத் தாழ்த்தினாள். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு பார்த்துச் சொல்லுடா."

"மச்சானையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, 'எல்லாம் இருக்கு'ங்கிறாரு."

அக்கா எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டுவிட்டாள். நான் அன்றைக்கே ஆரம்பித்தேன்.

தடிமனான புத்தகம். நல்ல தாள். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், காவிரி, முதல் பேனா. பேனாவுக்கு மட்டும் ஒரு அத்தியாயம். தினம் சாயங்காலம் அக்கா கேட்பாள்.

"வந்துட்டேனா?"

"இன்னும் இல்லக்கா. இப்பதான் காலேஜ்ல சேர்றாரு."

அடுத்த நாள், "வந்தேனா?"

"வேலை கிடைச்சிருச்சு. இனிமேதான்."

அதற்கு அடுத்த நாள், "கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப வந்திருப்பேனே?"

வந்த இடம் இதுதான். 'அதே ஆண்டு எனக்குத் திருமணமும் நடந்தது. என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறியதும் அவ்வாண்டில்தான்.' அதன் பிறகு கட்டுரையைப் பற்றி நாலு பக்கம். நான் அக்காவிடம், "கல்யாணம் மட்டும் வந்திருக்கு. நீ இனிமே வருவ" என்றேன்.

மேலே படித்தேன். மச்சானின் அம்மா படுக்கையில் கிடந்த காலம் வந்தது. 'அம்மா தன் இறுதி ஆண்டுகளை என் இல்லத்தில் அமைதியாகக் கழித்தார்.' அந்த அம்மாள் அமைதியாக இருந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. குளிப்பாட்டியது, ஊட்டியது, திட்டு வாங்கியது எல்லாம் அக்கா. ஒரு புயல் வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர். 'விலைமதிப்பற்ற என் நூல்கள் அனைத்தும் பரணுக்குச் சென்று தப்பின.' யார் ஏற்றியது என்று இல்லை. புத்தகங்களே ஏணி வைத்து ஏறியிருக்கும்போல. மறுநாள் நான் போனபோது அக்காவுக்கு முதுகு நிமிரவில்லை. மச்சான் டார்ச் அடித்ததாகச் சொன்னார்.

ஒரு காலையில் விமர்சகர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறார். 'என் துணைவியார் கொண்டுவந்து வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் சோழர் நீர்ப்பாசனத்தில் மூழ்கியிருந்தோம்.'

கடைசிப் பக்கம் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். ஆசிரியர்களுக்கு, அச்சகத்தாருக்கு, கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுத்த பெண்ணுக்கு.

சாயங்காலம் போன் அடித்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"வந்தேனா?"

பொய் சொல்லலாம். அவள் கண் சரியானதும் படிப்பாள்.

"காபியோட வந்த."

அக்கா உடனே கேட்டாள்.

"குடிச்சாரா?"

"இல்ல. ஆறிருச்சு."

"அதானே. அதையும் நான்தான் எடுத்துட்டுப் போயிருப்பேன்." சிரிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு குரல் மாறியது. "தம்பி, மேடையில ஒன்னும் பேசிராத. வெளியூர்லேருந்தெல்லாம் வராங்க. அவருக்கு இது பெரிய ஆசை."

"எனக்குப் பேச வராதுக்கா."

"அந்த நம்பிக்கைலதான் இருக்கேன்."

நாங்கள் பேசியதை என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் நெல் அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எழுதினா நான் எந்தப் பக்கத்துல வருவேன்?"

"நான் எழுத மாட்டேன்."

"தப்பிச்சீங்க."

விழா அன்று ஊரிலிருந்து வேனில் போனோம். பங்காளி வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மடியில் தட்டுகள். தேங்காய், பழம், சர்க்கரை, புடவை, வேட்டி, ஒரு வாழைத்தார். மண்டபத்து வாசலில் நின்ற கல்லூரிப் பையன்கள் வழி மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து, "கல்யாணம் பக்கத்து மண்டபம்ங்க" என்றார்கள். என் மனைவி நிற்கவில்லை. வரிசையாக உள்ளே போனார்கள். மைக்கில் ஒருவர் சோழர் காலத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டுகளைப் பார்த்ததும் இறங்கிக்கொண்டார்.

மேடையில் தலைவர், விமர்சகர், மச்சான் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எதற்கு எழுந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சானுக்கு முகம் மலர்ந்தது. மண் மணக்கும் மக்கள் தன் புத்தகத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று விமர்சகர் மைக்கில் சொன்னார். மச்சான் கையை நீட்டினார்.

என் மனைவி தட்டைப் பின்னால் இழுத்தாள்.

"அண்ணே, இது உங்களுக்கு இல்ல. அண்ணி எங்க? பொறந்த வீட்டுச் சீர், அவங்கதான் வாங்கணும்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அக்கா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சான் முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே பழைய மாணவர்கள். கடைசியில் பின்பக்கம் டிபன் போடுகிற இடத்திலிருந்து கூட்டி வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி. கையில் கேசரி ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே படியேறினாள். ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தும் தெரிந்தது.

சீரை ஒருத்தியாக நின்று வாங்கும் வழக்கம் இல்லை. மச்சானையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். போட்டோக்காரர் தலைவரையும் விமர்சகரையும் ஓரமாகப் போகச் சொன்னார். தாமதமாக வந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நேராக மேடைக்குப் போய் மச்சான் கையைப் பிடித்து, "அறுபது முடிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு நெனச்சேன், இப்பதான் கொண்டாடுறீங்களா?" என்றார். புத்தகம் மேசையில் ரிப்பன் கட்டியபடி இருந்தது. அதன் மேல் யாரோ வாழைத்தாரை வைத்துவிட்டார்கள்.

பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா இன்னும் மேடையிலேயே நின்றாள். இறங்க வழி விடவில்லை.

"புத்தகம் படிச்சேன். முழுசாப் படிச்சேன். நன்றி."

உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். விமர்சகர் எழுந்து, "அந்த 'முழுசா' என்ற சொல்லில் ஒரு விமர்சன மரபே அடங்கியிருக்கிறது" என்றார். அடங்கியிருந்தது என்னவென்று அக்காவுக்குத் தெரியும்.

தொகுத்து வழங்கிய பையன் நல்லவன். மேடையில் நிற்கிற அம்மாவைச் சும்மா விடக்கூடாது என்று மைக்கை நீட்டினான்.

"அம்மா, சாரோட எழுத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை."

அக்கா மைக்கைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள். மச்சான் முதல் தடவையாகப் பயந்ததை அன்று பார்த்தேன்.

"நான் இன்னும் படிக்கல. கண்ணு சரியானதும் படிப்பேன். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

அன்றைக்கு அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். மச்சான் மட்டும் தட்டவில்லை. 'படிப்பேன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும், அக்கா அந்தப் புத்தகத்தைப் படிப்பாள் என்பது அவர் நினைக்காத விஷயம்.

வேன் கிளம்பும்போது ஜன்னல் அருகே வந்தார்.

"மாப்ள, உண்மையைச் சொல்லு. புத்தகம் எப்படி?"

"அக்கா தினம் போன் போட்டு, வந்துட்டேனா, வந்துட்டேனான்னு கேட்டுச்சு மச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் வரலன்னு சொன்னேன்."

அவர் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பங்குனியில் அக்காவுக்கு அடுத்த கண் ஆபரேஷனும் ஆனது. புதுக் கண்ணாடி வருவதற்குள் மச்சான் அவசரமாக ஒரு அத்தியாயம் எழுதி, அச்சகத்தில் சொல்லி, இருந்த பிரதிகளில் சேர்த்துத் தைக்க வைத்தார். தலைப்பு 'இல்லறம்'. எனக்கும் ஒன்று அனுப்பினார். படித்தேன். அதில் அக்கா விளக்காக வருகிறாள். அப்புறம் ஆறாக வருகிறாள். ஒரு இடத்தில் நிழல் தரும் மரம். எதற்கும் முகம் சுளிக்காதவள், எதையும் கேட்காதவள், புன்னகையே பதிலாகத் தருபவள். அக்காவுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இந்த மரத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் மச்சான் உருகி எழுதியிருந்தார். அதில் சந்தேகமில்லை. எழுதும்போது அழுதிருப்பார்.

ஒரு வாரம் போன் இல்லை. பிறகு வந்தது.

"படிச்சேன்டா. முழுசாப் படிச்சேன்."

"புது அத்தியாயம்?"

"அதையும்."

"எப்படி?"

"யாரோ நல்ல பொம்பள. பாவம்."

இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இப்படி ஒரு கருத்துச் சொல்ல வரவில்லை.

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்ப நீயே சொல்லு, எழுதுறேன்னு பேனாவை எடுத்துட்டாரு. விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. நான் உக்காந்துட்டேன்."

இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு. மச்சானுக்கு முன்பெல்லாம் அந்த நேரத்தில் தூங்கும் பழக்கம் உண்டு. அது போய்விட்டது. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் வரும், ஸ்பீக்கரில். நேற்றும் வந்தது.

"தம்பி, இவரு மாற்றல் கேட்டு வாங்கிட்டு என்கிட்ட சொல்லாமலே சாமான் கட்ட ஆள் கூட்டிட்டு வந்தாரே, அன்னிக்கு நான் பையைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன்ல?"

"வந்த."

"அவ கோவிச்சுக்கிட்டு வரல மாப்ள" என்றது மச்சான் குரல். "ஆறுதலுக்காக, நாலு நாள் தங்க..."

"கோவிச்சுக்கிட்டுதான் வந்தேன். கோவிச்சுக்கிட்டுன்னு எழுதுங்க. தம்பி, நீ என்னடா சொன்ன அன்னிக்கு?"

யோசித்தேன். "சாப்டியான்னு கேட்டேன்."

"வேற?"

"வேற ஒன்னும் கேக்கல."

"எழுதிக்குங்க. சாப்டியான்னு கேட்டான், வேற ஒன்னும் கேக்கல."

"இதெல்லாம் வாசகருக்கு எதுக்கும்மா?"

"எழுதுங்க."

பேனா தாளில் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.